ஏழாம் எண்ணுக்கு ஓர் இருக்கை

எங்கள் குடியிருப்பில் மொத்தமே ஆறு பேர். இதில் யார் ரொம்ப ஒழுங்கான உழைப்பாளி என்று கங்காணியைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் ஏழாம் எண் என்று சொல்லும்.

சிரிக்காதீர்கள். முதலில் நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். அந்த ஏழாம் எண் என் மகளின் பிரசவத்துக்கே குறுக்கே வந்து நின்றபோதுதான் சிரிப்பு நின்றது.

என் பெயர் சொர்ணத்தாய். கோவில்பட்டியில் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நிலாவிலும் பொக்லைன்தான், டயர் மட்டும் வேறு. இங்கே மண்ணைத் தோண்டிக் கொட்டினால் அதை உலையில் வறுத்து மூச்சுக்காற்று எடுக்கிறார்கள். அதாவது நான் தோண்டினால்தான் மற்றவர்களுக்கு மூச்சு. இதை அவ்வப்போது சொல்லிக் காட்டுவேன். சாம்பாரில் உப்பு குறைந்தால் கட்டாயம் சொல்லிக் காட்டுவேன்.

இன்னொரு பொக்லைன் தாணுலிங்கம் அண்ணாச்சி ஓட்டுவது. நாகர்கோவில்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவருக்கும் எனக்கும் ஐந்து மாதமாகப் பேச்சு கிடையாது. காரணம் கேட்டால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். அவர் வண்டி நிறுத்துகிற இடத்தில் நான் என் வண்டியை நிறுத்திவிட்டேனாம். நிலா முழுக்கக் காலி இடம். கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஈ காக்காய் இல்லை. அதில் அவருக்கு அந்த ஓர் இடம்தான் வேண்டுமாம். என்ன அண்ணாச்சி இது என்று கேட்டதற்கு, "கோவில்பட்டியில வண்டிய நடுரோட்டுல விட்டுட்டு போறதுதான் பழக்கமாக்கும்?" என்றார். ஊரை இழுத்த பிறகு மனுஷி எப்படிப் பேசுவாள்?

அதற்கப்புறம் ஒரே மேசையில் சாப்பிட்டாலும் நடுவில் உட்காரும் ஞானதிரவியம் வழியாகத்தான் எங்கள் பேச்சு. ஞானதிரவியம் எங்கள் வயரிங் இஞ்சினியர். நாசரேத்துப் பிள்ளை. "தம்பி, ஊறுகாயை இங்கே தள்ளச் சொல்லு" என்று நான் சொல்வேன். ஊறுகாய் தாணு அண்ணாச்சியின் முழங்கை பக்கத்தில் இருக்கும். "தம்பி, கையி இருக்கிறவங்க எடுத்துக்கிடலாம்னு சொல்லு" என்பார் அவர். ஞானதிரவியம் எழுந்து ஊறுகாயை எடுத்துக் கொடுப்பான். பாவம், நல்ல பையன்.

இனி கங்காணி. கதவைத் திறப்பது, தண்ணீர் அளப்பது, யார் எவ்வளவு வேலை செய்தார் என்று கணக்கு வைப்பது எல்லாம் ஓர் இயந்திரம். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. நாங்கள் கங்காணி என்று கூப்பிட்டோம். அது எங்களை எண் சொல்லித்தான் கூப்பிடும். நான் மூன்று, தாணு அண்ணாச்சி நான்கு. எட்டுப் பேருக்கென்று செய்த இயந்திரம் அது. கம்பெனி சிக்கனம் பார்த்து ஆறு பேரை அனுப்பியது. ஏழும் எட்டும் காலி.

வெளிக்கதவை ஒட்டிய சுவரில் ஆளுக்கொரு பொத்தான். வெளியே தோண்டப் போவதற்கு முன் அவரவர் பொத்தானில் பெருவிரலை வைத்து அமுக்க வேண்டும். பொத்தானுக்கு உடையவரின் ரேகை தெரியும். என் பொத்தான் தாணு அண்ணாச்சி விரலுக்கு இறங்காது, அவருடையது எனக்கு இறங்காது. சரியான விரல் பட்டால் பச்சை விளக்கு எரியும், வந்தாச்சு என்று கங்காணி எழுதிக்கொள்ளும், கதவும் வண்டியும் திறக்கும்.

ஆறு மாதத்துக்கு முன் சூரியன் ஒரு பெரிய தும்மல் போட்டது. அந்தப் புயலில் எங்கள் விளக்கு பாதி போயிற்று, கங்காணிக்கும் அடி. பொத்தான்களின் கம்பி வந்து சேரும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லில் ஏழு கால் கருகி, ஒரே ஒரு கால் மிஞ்சியது. புதுச் சில்லு அடுத்த விண்கலத்தில்தான் வரும். ஞானதிரவியம் இரண்டு நாள் தாடியைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு ஆறு பொத்தானையும் அந்த ஒற்றைக் காலிலேயே கட்டிவிட்டான். ஒவ்வொரு பொத்தானுக்கும் வேறு வேறு அளவில் கரண்டை விடும் ரெசிஸ்டர். எல்லாம் பழையபடி வேலை செய்தது. மாசாணம் அண்ணன் அன்றைக்கு அவனுக்காகக் கேசரி கிண்டினார். மாசாணம் எங்கள் சமையல்காரர், கேசரி என்றால் சும்மா கிண்டுகிற ஆள் இல்லை.

விண்கலம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். சாமான் இறக்கிவிட்டு ஒரே ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும். அந்த அரையாண்டில் அதிகம் உழைத்தவருக்கு அந்த இருக்கை. எனக்கு அது வேண்டும். என் மகள் செங்கனிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எங்கோ கடலில். போன வருஷம் அவளுக்கு ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அன்றைக்கு அவள் அழுததை நான் இங்கே ஒரு திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டித் திரையைத் துடைக்கத்தான் முடிந்தது. இந்த முறை அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, இந்தத் தடவ நீ வந்துரும்மா." அதற்காகப் பேய் மாதிரி தோண்டினேன். எனக்குச் சமமாகத் தோண்டியது தாணு அண்ணாச்சி ஒருவர்தான். அவருக்கு எதற்கு இருக்கை என்று நான் கேட்கவில்லை, எனக்கு எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. கேட்கத்தான் பேச்சு இல்லையே.

இருக்கை அறிவிப்பு ஒரு சாப்பாட்டு வேளையில் வந்தது. தொண்டை செருமிக்கொள்ளும் பழக்கத்தை யார் அதற்குக் கற்றுக்கொடுத்தார்களோ, செருமிக்கொண்டு கங்காணி சொன்னது.

"அடுத்த விண்கலத்தில் பூமிக்குத் திரும்பும் இருக்கை, இந்த அரையாண்டில் இரண்டு ஆள் வேலையை ஒருவராகச் செய்த ஏழாம் எண் பணியாளருக்கு வழங்கப்படுகிறது. மூன்றாம் எண்ணும் நான்காம் எண்ணும் தோண்டும் வேலைக்கு வரவே இல்லை. இனியாவது ஒழுங்காக வரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

மேசையே குலுங்கியது. டாக்டர் பரக்கத் நிஷாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். பிறகு அந்த இருக்கை எனக்கு இல்லை என்பது மண்டையில் இறங்கியது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஞானதிரவியத்தின் சட்டையைப் பிடித்து வெளிக்கதவுக்கு இழுத்துப் போனேன்.

"யாருல அந்த ஏழு?"

அவன் சுவர்ப் பலகையைத் திறந்தான். பார்த்தான். முகம் வெளுத்தது.

"சொர்ணக்கா, ஒரு பானைன்னு வச்சுக்கோங்க. ஒன்னாம் நம்பர் பொத்தான அமுக்குனா பானையில ஒரு டம்ளர் தண்ணி விழும். ரெண்டாம் நம்பருக்கு ரெண்டு டம்ளர். உங்களுக்கு மூணு. அண்ணாச்சிக்கு நாலு. யாரு ஊத்துனான்னு கங்காணிக்குத் தெரியாது. பானையில எம்புட்டு கிடக்குன்னு மட்டும்தான் தெரியும். மூணு டம்ளர் கிடந்தா சொர்ணக்கா வந்தாச்சுன்னு எழுதிக்கிடும்."

"பொத்தானுக்கு என் ரேகை தெரியும்லா?"

"தெரியும். ஆனா சொல்ல அதுக்கு வாய் கிடையாதுக்கா. சரியான விரலுன்னா கரண்ட விடும், அவ்வளவுதான்."

"சரி, மேல சொல்லு."

"மூணும் நாலும் ஒரே நேரத்துல விழுந்துச்சுன்னா?"

விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தேன். ஏழு டம்ளர். பானையைப் பார்த்த கங்காணி, ஓ ஏழாம் எண் வந்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டிருக்கிறது. இந்த அரையாண்டு முழுக்க நானும் தாணு அண்ணாச்சியும் தோண்டிய மண் அத்தனையும் பிறக்காத ஒருத்தனின் கணக்கில் போய் விழுந்திருக்கிறது.

"ரெண்டு பேரு சேந்து அமுக்குனா தப்பாகும்னு உனக்கு அப்பவே தெரியாதா?"

"தெரியும்க்கா. கணக்குப் போட்டுத்தான் பாத்தேன். எட்டு மணில இருந்து ஒம்பதர வரைக்கும் எப்ப வேணாலும் அமுக்கலாம். அதுல கண்ணிமைக்கிற நேரம்கூடப் பிசகாம ரெண்டு பேரு ஒன்னா அமுக்குறதுன்னா எத்தனையோ வருசத்துக்கு ஒரு தடவ நடந்தாப் பெருசு. அதையே தினமும் செய்யிறதுக்கு உங்களுக்கு என்னக்கா வேண்டுதலா?"

வேண்டுதல் இல்லை. வெளியே தோண்டப் போவது திங்கள், புதன், வெள்ளி. திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்கு முடியும். புதன்கிழமை எமகண்டம் ஒன்பதுக்கு முடியும். வெள்ளிக்கிழமை குளிகை, அதுவும் ஒன்பதுக்குத்தான் முடியும். குளிகையில் தொடங்கிய காரியம் திரும்பத் திரும்ப நடக்குமாம், குழி தோண்டுகிற காரியம் இதற்கு மேலும் திரும்ப நடக்க வேண்டுமா? அதனால் மூன்று நாளும் சரியாக ஒன்பது அடித்த பிறகுதான் நான் பொத்தானில் கை வைப்பேன். தாணு அண்ணாச்சியும் அப்படியே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பெருவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிறவர்கள் போல நிற்போம். கங்காணி 'கீங்' என்று ஒன்பதாம் மணி அடித்ததும் இரண்டு விரலும் விழும்.

"அடப்பாவி, நாள்காட்டியில ராகு காலம் போட்டிருக்கிறதப் படிக்கிற பழக்கமே உங்க வீட்டுல இல்லியா?"

"எங்க வீட்டு காலண்டர்ல பைபிள் வசனம்தான்க்கா போட்டிருக்கும்" என்றான், அழாக்குறையாக.

அவனை எதற்குத் திட்டுவது? தலைமையகத்துக்கு எழுதினோம். ஏழு என்று யாரும் இல்லை, அது நானும் நான்காம் எண்ணும்தான் என்று விளக்கமாகவே எழுதினோம். பதில் வந்தது. பதிவுகள் தெளிவாக உள்ளனவாம். மூன்றாம் எண்ணும் நான்காம் எண்ணும் பிறர் உழைப்பைத் தங்கள் உழைப்பு என்று சொல்வது வருத்தம் தருகிறதாம். ஏழாம் எண் பணியாளரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். படித்துவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே படாமல் அழுதேன்.

ஞானதிரவியம்தான் தேடி வந்தான். "அக்கா, ஏழாம் நம்பருக்குத்தானே சீட்டு? ஏழாம் நம்பராவே போயிருங்களேன்."

விண்கலமும் அதே வெளிக்கதவில்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். புறப்படும் நேரத்தில் மணி அடிக்கும், இருக்கைக்கு உரியவர் பொத்தானை அமுக்க வேண்டும், கதவு ஓர் ஆள் நுழையும் நேரம் திறந்து மூடிக்கொள்ளும். யாரும் அமுக்காவிட்டால் வெறும் இருக்கையோடு போய்விடும். கங்காணிக்கு வேண்டியது ஏழு டம்ளர். யார் ஏறினால் அதற்கென்ன?

சந்தோஷத்தில் அவன் தலையைப் பிடித்து ஆட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. ஏழு டம்ளருக்கு என் விரல் மட்டும் போதாது.

அன்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன். "தம்பி, விண்கலம் கிளம்பும்போது நான்காம் எண் பொத்தான ஒருத்தர் அமுக்கணும்னு சொல்லு."

தாணு அண்ணாச்சி அப்பளத்தை நொறுக்கினார். "தம்பி, அமுக்கினா கதவு தொறக்கும், தொறந்தா நான்தான் ஏறுவேன்னு சொல்லு. பாதி மண்ணு எனக்க மண்ணாக்கும்."

"தம்பி, அண்ணாச்சிக்கு அப்படி என்ன அவசரம்னு கேளு."

"கடலப் பாக்கணும்னு சொல்லு. ரெண்டு வருசமாச்சு. அதுவும் கிடக்கட்டும், அது கெளம்புதது வெள்ளிக்கிழம பதினோரு மணிக்கு. பத்தர பன்னெண்டு ராகு காலம். அந்த நேரத்துல நான் விரல எடுத்துக் காதுகூடக் குடைய மாட்டேன்னு சொல்லு."

ஞானதிரவியம் இரண்டு பக்கமும் பார்த்தான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போயே போய்விட்டான். எங்கள் நடுவில் அவன் நாற்காலி காலியாகக் கிடந்தது.

எனக்கு வேறு வழி இல்லை. மானம் ரோஷம் எல்லாவற்றையும் ஊறுகாய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, என் மகளுக்கு இது ரெண்டாவது. மொதல்ல உண்டானது தங்கல. அன்னிக்கு அவ பக்கத்துல யாரும் இல்ல. மாப்பிள்ள கப்பல்ல இருக்காரு. இந்தத் தடவயும் நான் போகலன்னா அவளுக்குக் கையப் பிடிச்சிக்கிடக்கூட ஆளு கிடையாது. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இத எங்கிட்ட யாரும் சொல்லல்லியே."

"நீங்கதான் பேசவே இல்லியே."

"நீதான் பேசல்ல" என்றார் சட்டென்று. பிறகு அப்பளத் துண்டுகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "சரி. கடலு எங்கயும் போயிராது, அங்கனதான் கிடக்கும். சீட்டு நீ எடுத்துக்க. ஆனா ராகு காலத்துல என்னால அமுக்க முடியாது மக்கா. எனக்க அம்ம சாவுததுவர சொன்னது அது ஒன்னுதான். பிள்ளப்பேறுக்குப் போற காரியத்த ராகு காலத்துலயா தொடங்குவாங்க? நீயும் பாக்குத ஆளுதான?"

இதுதான் கொடுமை. நானும் பார்க்கிற ஆள்தான். கோவில்பட்டியில் ராகு காலத்தில் பக்கத்துத் தெருவுக்குக்கூட வண்டியை எடுக்காதவள். ஆனால் வாய் சும்மா இருக்குமா? மூளை வேலை செய்வதற்கு முன்னாலேயே வாய் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"அண்ணாச்சி, ராகு காலம்னா என்ன? சூரியன் உதிச்சு அடையிற வரைக்கும் உள்ள பகல எட்டாப் பிரிச்சு அதுல ஒரு பங்கு. சரியா?"

"சரி."

"நிலாவுல பகல் எம்புட்டு நேரம்?"

"பதினாலு நாளுக்கு மேல வரும்."

"இங்க சூரியன் செவ்வாய்க்கிழம உதிக்கப்போகுது. மறுபடி உதிக்க ஒரு மாசம் ஆகும். அப்ப அது வரைக்கும் இங்க செவ்வாய்க்கிழமதான? செவ்வாய்க்கிழம ராகு காலம் ஏழாவது பங்கு. அது வர பதினோரு நாள் இருக்கு. விண்கலம் கிளம்புத அன்னிக்கு இங்க வெள்ளியும் இல்ல, ராகு காலமும் இல்ல. சுத்தமான காலை நேரம்!"

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப இம்புட்டு நாளு ஒம்பது மணி வர எதுக்கு விரலத் தூக்கிட்டு நின்ன?"

"அது கோவில்பட்டி கணக்கு."

"நல்லாருக்கே கணக்கு" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். அமுக்குகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. விண்கலம் வந்து கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றது. புதுச் சில்லு உட்பட சாமான்களை இறக்கினார்கள். டாக்டர் பரக்கத் நிஷா என்னைக் கட்டிப் பிடித்து, பிள்ளைக்கு வைக்கச் சொல்லி ஒரு பெயர்ப் பட்டியலையே ஒப்பித்தார். மாசாணம் அண்ணன் வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தார். பதினோரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். நான்காம் எண் பொத்தானுக்கு முன்னால் யாரும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கை, எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன், தாணு அண்ணாச்சியை மட்டும் மனசுக்குள் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டேன்.

கடைசி நிமிஷத்தில் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் நின்று பெருவிரலைத் தூக்கினார். நானும் தூக்கினேன். கீங் என்றது. இரண்டு விரலும் விழுந்தன.

"ஏழாம் எண் பணியாளரே, வருக" என்றது கங்காணி. கதவு திறந்தது.

உள்ளே ஒற்றை இருக்கை. அவர் அதைப் பார்த்தார். நான் பையை எடுக்கக் குனிந்திருந்தேன், அவர் நினைத்திருந்தால் இரண்டே எட்டில் உள்ளே போயிருக்கலாம். அவர் என் பையைத் தூக்கி உள்ளே வீசினார். பின்னாலேயே என் முதுகில் ஒரு தள்ளு. "என்னத்தப் பாத்துட்டு நிக்க? போ மக்கா!" கதவு மூடிக்கொண்டது. நன்றி என்று சொல்லக்கூட நேரம் இல்லை.

நிலா ஒரு தட்டு அளவுக்குச் சிறுத்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. விண்கலத்திலும் கங்காணியின் காது உண்டு.

"கங்காணி, தாணு அண்ணாச்சிகிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்கிறேன், சொர்ணத்தாய்."

இரண்டு வருஷத்தில் அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தூக்கிவாரிப் போட்டது. நான் ஏழாம் எண் அல்லவா?

"ஏழாம் எண் என்று யாரும் இல்லை" என்றது கங்காணி. "இங்கே ஆறு பேர்தான் மூச்சு விடுகிறீர்கள். ஆறு தட்டுதான் கழுவப்படுகிறது. முதல் வாரமே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா அவன் பேருல எழுதுன?"

"பொத்தான் என்ன சொல்கிறதோ அதைத்தான் நான் எழுதலாம், அது விதி. விதியை மீறவில்லை. ஆனால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நீயும் அவரும் தோண்டிய மண் ஒரே அளவு, ஒரு கூடைகூட வித்தியாசம் இல்லை. இருக்கை ஒன்று. உன் மகளின் விஷயமும் எனக்குத் தெரியும், அவர் தினமும் கடலின் படத்தைப் போடச் சொல்லிப் பார்ப்பதும் தெரியும். எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? உங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். நீங்களோ ஊறுகாய்க்கே ஆள் வைத்துப் பேசுகிறீர்கள். ஒருவர் விரல் இல்லாமல் மற்றவர் போக முடியாது என்று ஆகிவிட்டால் பேசித்தானே ஆக வேண்டும்?"

"நாசமாப் போற பெட்டி! அவரு அமுக்காம இருந்திருந்தா? என் மக அங்க தனியாக் கிடந்திருப்பாளே, அத யோசிச்சியா நீ?"

"யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது."

இன்னும் நன்றாகத் திட்டினேன். பொக்லைன் ஓட்டுகிறவளுக்கு வார்த்தைக்குப் பஞ்சமா? எல்லாவற்றையும் அது மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது, "அடுத்த முறை இரண்டாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும்" என்றது. "டாக்டரும் மாசாணமும் பிரியாணி விஷயமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கவனித்தாயா?"

"இனிமே உன் ஆட்டம் செல்லாது. புதுச் சில்லு வந்தாச்சு. ஞானதிரவியம் நாளைக்கே மாட்டிருவான்."

"சில்லா? அதை எந்த அறையில் வைத்தேன் என்று எனக்கு நினைவே இல்லை."

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். இதோடு எப்படிச் சண்டை போடுவது? அப்போதுதான் எனக்கு ஒரு பெருமையும் வந்தது. என்ன இருந்தாலும் அந்த மனிதரை வழிக்குக் கொண்டு வந்தது என் செவ்வாய்க்கிழமைக் கணக்கல்லவா? கங்காணியிடமும் அதைச் சொன்னேன்.

"அந்தக் கணக்கை அவர் நம்பவில்லை" என்றது. "என்னிடம் வந்து கேட்டார். சரியாகத்தான் வருகிறது என்று நானும் சொன்னேன். அம்மா சொன்னது நாகர்கோவில் நேரம்தான், எந்த நிலாவுக்குப் போனாலும் வெள்ளிக்கிழமை பதினோரு மணி ராகு காலம்தான் என்று சொல்லிவிட்டார்."

"பின்னே ஏன் அமுக்குனாரு?"

"நானும் அதையே கேட்டேன். 'ராகு காலத்துல தொடங்குதது அமுக்குதவன்தான, போறவ இல்லியே. வாறது எதானாலும் எனக்கு வரட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒன்னும் வராது' என்றார்."

அவ்வளவுதான். அவரிடம் சொல்லணும் என்று ஆரம்பித்த விஷயத்தையும் சொல்லவில்லை. புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, பூமி பெரிதாகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டி நிறுத்துகிற இடத்துக்காக இந்த மனிதரிடம் ஐந்து மாதம் பேசாமல் இருந்திருக்கிறேனே என்று இருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது செங்கனிக்கு வலி எடுத்துவிட்டது. என் கையை அவள் பிடித்த பிடியில் விரல் எலும்பு நொறுங்கும் போல இருந்தது. நொறுங்கினால் நொறுங்கட்டும் என்று கொடுத்துக்கொண்டு நின்றேன். பெண் குழந்தை. வெளியே வந்ததும் வராததுமாக ஊரைக் கூட்டி அழுதது. செங்கனியும் அழுதாள், நானும் அழுதேன், நர்ஸ் பிள்ளை எங்கள் மூன்று பேரையும் ஒரே அதட்டாக அதட்டினாள்.

அன்றைக்கே நிலாவுக்குப் பேசினேன். ஞானதிரவியத்தைக் கூப்பிடவில்லை, நேராக நான்காம் எண்ணைத்தான் கூப்பிட்டேன். திரையில் தாணு அண்ணாச்சி வந்தார். ராகு காலத்தில் பொத்தானை அமுக்கியதற்கு அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, ஒரு தும்மலைத் தவிர.

"பிள்ள பொறந்தாச்சா? எத்தன மணிக்கு? என்ன கெழம?" என்றார் வந்ததும் வராததுமாக. கையில் நாள்காட்டியைத் தயாராக வைத்திருந்தார்.

"நேரத்த விடுங்க அண்ணாச்சி, பிள்ளயப் பாருங்க" என்று குழந்தையைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன்.

என் குரல் அங்கே போய் அவர் குரல் திரும்பி வர இரண்டு மூன்று நொடி ஆகும். அதற்கு மேலும் ஆயிற்று. அவர் நாள்காட்டியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நல்லவேள, மூக்கு உனக்க மூக்கு இல்ல."